கிராக்கோவ் நகரில் தமிழில் ஒரு பாவசங்கீர்த்தனம்

ட்ராமுக்குள் சனம் சிலுவை போட்டதைக் கண்டதுதான் எனக்கு முதல் அதிர்ச்சி.

போலந்தில் வந்து இறங்கி ஒரு மணித்தியாலம்கூட ஆகவில்லை. ட்ராம் ஒரு கோயில் வாசலைக் கடந்தது. எனக்கு முன்னால் நின்ற இளம்பெட்டைக்குக் காதில் பாட்டு, கையில் போன், நகத்தில் கறுப்பு மை. அவள் போனை மற்றக் கைக்கு மாற்றிவிட்டு நெற்றியிலும் நெஞ்சிலும் தொட்டுச் சிலுவை போட்டாள். பின்னால் இருந்த கிழவரும் போட்டார். ட்ராம் ஓட்டியவரும் போட்டிருப்பார், நான் காணவில்லை.

டென்மார்க்கில் நான் முப்பது வருஷம் பஸ் ஏறியவன். கோயிலைக் கடக்கும்போது ஜாக்கெட்டுக்குள் கையை விட்டு, பெருவிரலால் நெஞ்சில் சின்னதாக ஒரு சிலுவை போடுவேன். பக்கத்தில் இருப்பவர் நெஞ்சு கடிக்கிறதாக்கும் என்று நினைப்பார். இங்கே வெட்டவெளியில் போடுகிறார்கள்.

என்னோடு வந்தவர் சவிரிமுத்து அண்ணை. மன்னார்க்காரர், என்னை விட நாலு வயது மூப்பு. டோஸ்ட்ருப்பில் எங்கள் இரண்டு வீட்டுக்கும் இடையில் பத்து நிமிஷ நடை. ஒரே பாண் தொழிற்சாலையில் இருபத்திரண்டு வருஷம் வேலை செய்கிறோம். அவர் பாண் சுடுகிற போறணைப் பக்கம், நான் பொதி கட்டுகிற பக்கம். ஞாயிறு பூசைக்கும் ஒரே மர வாங்கில்தான் இருப்போம். எங்கள் கோயிலில் போலந்துக்காரரின் பூசை முடிந்த பிறகுதான் தமிழ்ப் பூசை. அவர்கள் எழும்பிப்போன சூடு ஆறாத வாங்கில் நாங்கள் போய் இருப்போம். அவ்வளவுதான் எனக்குப் போலந்தைப் பற்றித் தெரிந்தது.

ட்ராமில் பிழையான திசைக்கு ஏறிவிட்டோம் என்று எங்களுக்குக் கனநேரம் தெரியவில்லை. பழைய நகரம், அரண்மனை என்று பார்க்க வந்தவர்களுக்கு யன்னலுக்கு வெளியே பெட்டி பெட்டியாக மாடிவீடுகள் வந்துகொண்டிருந்தன. பல்கனியில் சைக்கிள், காயப்போட்ட உடுப்பு. சவிரியண்ணை கொஞ்ச நேரம் வெளியே பார்த்துவிட்டுச் சொன்னார்:

"பிலிப்பு, விடிய எழும்பி, பிளேன் ஏறி, கடைசியிலை எங்கடை இஷொய் மாடிவீடுகளுக்கே வந்து சேர்ந்திட்டம் போல கிடக்கு."

சிரித்துக்கொண்டே இறங்கினோம். தரிப்பில் நின்ற ஒரு வயதான மனுசியிடம் கடதாசியில் எழுதிய இடத்தின் பெயரைக் காட்டினோம். அவ தலையில் அடித்துக்கொண்டு, எங்கள் இரண்டு பேரின் கையையும் பிடித்து, வாகனங்களுக்கு நடுவே வீதியைக் கடத்தி மற்றப் பக்கத்தில் விட்டா. சவிரியண்ணையின் விரலில் சுற்றியிருந்த செபமாலையைக் கண்டதும் அதைத் தூக்கி உதட்டில் வைத்து முத்தி செய்தா. எங்கள் தொழிற்சாலையில் வேலை செய்கிற வெள்ளைக்காரர் ஒருவரும் என் செபமாலையைத் தொட்டதில்லை.

இந்தப் பயணம் சவிரியண்ணையின் நேர்த்திக்காக வந்தது. அவருடைய மகன் ஜெறோமுக்கு முப்பத்துநாலு வயது. ஓல்போர்க் ஆஸ்பத்திரியில் தாதியாக வேலை. நல்ல பிள்ளை. ஆனால் கலியாணம் சரிவரவில்லை. மூன்று இடத்தில் பேச்சு வந்து, மூன்றும் காரணம் சொல்லாமல் நின்றுபோயின. இப்போது பெடியனே எனக்கு ஒன்றும் வேண்டாம் என்று சொல்லிவிட்டான். தாய் அழுது அழுது மெலிந்துபோனா. போறணைப் பக்கத்தில் வேலை செய்கிற போலந்துக்காரர் ஒருவர், கிராக்கோவில் ஒரு கோயிலில் மாதாவுக்கு வெள்ளியில் பொருள் செய்து வைத்தால் கேட்டது நடக்கும் என்று சவிரியண்ணைக்குச் சொல்லியிருக்கிறார். அவர் உடனே யாழ்ப்பாணத்தில் தட்டாரிடம் சொல்லி, வெள்ளியில் சின்னதாக ஒரு தாலி செய்வித்து எடுத்தார். எங்கள் வேதக்காரர் கட்டுகிற புறா வைத்த தாலி. அதைப் பஞ்சில் சுற்றி, பழைய மூக்குக்கண்ணாடிக் கூட்டுக்குள் வைத்து, சட்டைப் பையில் போட்டுக்கொண்டு வந்திருந்தார்.

துணைக்கு என்னைக் கேட்டார். என்னை விட்டால் வேறு யாரைக் கேட்பார்?

இந்த இடத்தில் நான் ஒன்றைச் சொல்ல வேண்டும். சொல்லாமல் விட்டால் மிச்சம் எழுதுவதில் அர்த்தம் இல்லை. அந்த மூன்று பேச்சில் முதலாவதைக் கெடுத்தவன் நான்.

என் இளைய மகளை ஜெறோமுக்குக் கேட்கலாம் என்று எனக்கு ஒரு எண்ணம் இருந்தது. ஒரு நாள் சவிரியண்ணையிடம் சாடையாகச் சொல்லிப் பார்த்தேன். அவர் அதைப் பகிடியாக எடுத்து, "அதுகள் அண்ணன் தங்கச்சி மாதிரி வளர்ந்ததுகளடா" என்று சொல்லி என் முதுகில் தட்டினார். நான் சிரித்தேன். உள்ளுக்குள் அது முள்ளாகத் தைத்துப்போய்க் கிடந்தது.

அடுத்த மாதம் ஜெர்மனியில் இருந்து ஒரு பெண்ணின் தாய் எனக்கு ரெலிபோன் எடுத்தா. எங்கள் ஆட்களிடம் இது வழக்கம். சம்பந்தம் பேச முதல், அந்தக் குடும்பத்தைத் தெரிந்த நாலு பேரிடம் விசாரிப்பார்கள். "அண்ணை, நீங்கள் கோயில் ஆக்கள், உண்மை சொல்லுவியள் எண்டுதான் உங்களுக்கு எடுத்தனான். பெடியன் எப்பிடி?" என்று கேட்டா.

நான் ஓம் என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை. முதலில் கொஞ்சம் இழுத்தேன். விசாரிக்கிற போனில் அந்த இழுவை போதும், மற்றப் பக்கத்தில் கேட்கிற தாய்க்கு நெஞ்சு பதறிவிடும். நான் அதோடும் விடவில்லை. "குடும்பம் நல்ல குடும்பம்தான் பிள்ளை. பெடியன்தான்... சனி ஞாயிறிலை எங்கை நிக்கிறானெண்டு தாய் தேப்பனுக்கே தெரியாது. நீங்கள் வேறை இடத்திலையும் விசாரிச்சுப் பாருங்கோ" என்றேன். சனி ஞாயிறில் அவன் ஆஸ்பத்திரியில் வேலையில் நிற்பான் என்று எனக்கு நன்றாகத் தெரியும்.

அதற்குப் பிறகு ஒன்றரை வருஷம் நான் நன்மை எடுக்கவில்லை, பாவத்தோடு எடுக்கக்கூடாது. எல்லோரும் வரிசையில் போய் நற்கருணை வாங்க, நான் வாங்கில் இருப்பேன். மனுசி கேட்டால், சீனி வருத்தம், பூசைக்கு முதல் பிஸ்கட் சாப்பிட்டுவிட்டேன் என்பேன். பாவத்தை வாயால் சொல்லிப் பாவசங்கீர்த்தனம் செய்யலாம்தான். ஆனால் பூசை வைக்கிற எங்கள் தமிழ்ச் சுவாமி மாதத்தில் ஒரு தரம் எங்கள் வீட்டில் சாப்பிடுகிறவர். கேட்டதை அவர் ஒருவருக்கும் சொல்லமாட்டார், அது தெரியும். அதைச் சொல்லிவிட்டு அவருடைய இடியப்பத்துக்கு நான் எப்படிச் சொதி ஊற்றுவது? டேனிஷ் சுவாமியிடம் போகலாமென்றால், எனக்குத் தெரிந்த டேனிஷ் பாண் பொதி கட்டப் போதும், பாவம் சொல்லப் போதாது.

வருகிற மே மாதம் என் மூத்த மகளின் பிள்ளைக்கு முதல் நன்மை. அன்றைக்குக் குடும்பமாகப் போய் வாங்க வேண்டும். "அம்மப்பா, எனக்குப் பின்னாலை நீங்கள்தான் நிக்கோணும்" என்று அந்தப் பிள்ளை இப்போதே சொல்லிவிட்டது. அன்றும் பிஸ்கட் கதை சொல்ல முடியாது. இதை மனதில் சுமந்துகொண்டுதான் சவிரியண்ணைக்குப் பக்கத்துச் சீற்றில் இருந்து பறந்து வந்தேன்.

இனி நகரத்தைப் பற்றிச் சொல்கிறேன்.

பெரிய சதுக்கத்துக்குள் கால் வைத்ததும் அப்படியே நின்றுவிட்டேன். எங்கள் டோஸ்ட்ருப் ஸ்டேஷனையும் கடைகளையும் வாகனத் தரிப்பையும் சேர்த்து உள்ளே வைத்தாலும் இடம் மிஞ்சும். நடுவில் வளைவு வளைவாக ஒரு பழைய சந்தைக் கட்டடம். வெள்ளைக் குதிரைகள் இழுக்கிற வண்டிகள். குதிரைகளின் தலையில் சிவப்புக் குஞ்சம். மூலையில் செங்கல்லால் கட்டிய மாதா கோயில், அதற்கு இரண்டு கோபுரம், ஒன்று நெட்டை, ஒன்று கட்டை. "கட்டினவன் காசு காணாமல் விட்டிட்டானாக்கும்" என்றார் சவிரியண்ணை.

மணி அடித்தது. நெட்டைக் கோபுரத்தின் சின்ன யன்னலால் ஒருவர் எக்காளத்தை நீட்டி ஊதத் தொடங்கினார். சதுக்கமே அண்ணாந்து பார்த்தது. நல்ல இழைவான இராகம். திடீரென்று நடுவில் அறுந்தது. மனுசனுக்கு ஏதோ நடந்துவிட்டது என்று நான் சவிரியண்ணையின் கையைப் பிடித்துவிட்டேன். பக்கத்தில் நின்ற ஒரு வழிகாட்டி ஆங்கிலத்தில் விளக்கப்படுத்திக்கொண்டிருந்தார். ஒரு காலத்தில் பகைவர் வருவதைக் கண்டு காவல்காரன் ஊதினானாம், ஊதும்போதே தொண்டையில் அம்பு பாய்ந்ததாம், அதனால் இன்றைக்கும் அந்த இடத்திலேயே நிற்பாட்டுகிறார்களாம். மேலே நின்றவர் ஒன்றும் நடவாததுபோல் எங்களுக்குக் கை காட்டிவிட்டு யன்னலைச் சாத்தினார்.

தள்ளுவண்டியில் வளையமாக முறுக்கிய பாண் விற்றார்கள், மேலே எள்ளும் கசகசாவும் தூவியது. அது தவக்காலத்து வெள்ளிக்கிழமை. சவிரியண்ணை நேர்த்தி வைக்கும்வரை ஒருசந்தி, தண்ணீர் மட்டும். எனக்குச் சீனி வருத்தம் என்பதால் அவரே ஒன்று வாங்கித் தந்தார். ஒரு கடி கடித்தேன். பாண் தொழிற்சாலையில் இத்தனை வருஷம் நின்றவன் சொல்கிறேன், இப்படி வெளியே மொறுமொறுப்பும் உள்ளே இழுவையும் எங்கள் மெஷினால் வராது. நான் சாப்பிட்டு முடியுமட்டும் அவர் வேறு பக்கம் பார்த்துக்கொண்டு நின்றார், எனக்குக் கூச்சமாக இருக்கக்கூடாது என்று.

நேர்த்திக்கான கோயில் சதுக்கத்தில் இருந்து இரண்டு தெரு தள்ளி இருந்தது. உள்ளே போனதும் அடுத்த திகைப்பு. பீடத்தின் இரண்டு பக்கச் சுவரிலும் கண்ணாடிக்குள் வெள்ளி. வெள்ளிக் கால், வெள்ளிக் கை, இரண்டு கண், நூற்றுக்கணக்கில் இதயங்கள். மடு மாதா கோயிலில் எங்கள் சனம் வைப்பது போலவே. வெள்ளைக்காரரும் கால் நொந்தால் கால் செய்து வைப்பார்கள் என்று எனக்கு அறுபது வயதுவரை தெரியாது. வேலைநாள் பகல் நேரத்தில் கோயில் நிறையச் சனம். கையில் கொம்பியூட்டர்ப் பையோடு ஒருவர் முழங்காலில் நிற்கிறார்.

கோயில் பொருட்களைப் பார்க்கிறவர் நின்ற அறைக்குப் போனோம். சவிரியண்ணை கண்ணாடிக் கூட்டைத் திறந்து காட்டினார். அந்த மனுசனுக்கு அது என்னவென்று விளங்கவில்லை. சவிரியண்ணை தன் கழுத்தில் இரண்டு கையாலும் கயிறு முடிகிற மாதிரிக் காட்டினார். அந்த மனுசன் முகம் வெளிறி, சிலுவை போட்டு, இவரின் தோளைப் பிடித்துக் கதிரையில் இருத்தினார். பிறகு சவிரியண்ணை மோதிரவிரலைக் காட்டி, பக்கத்தில் ஒரு பொம்பிளை நிற்பதுபோல் காட்டினார். அப்போதுதான் அவருக்கு விளங்கிப் பெரிய சிரிப்பு வந்தது. சுவாமி வந்துதான் புத்தகத்தில் பதிவார், இருங்கள் என்று சைகை காட்டினார்.

"நீ போய்ச் சுத்திப் பார், நான் வாறன்" என்று சவிரியண்ணை என்னை அனுப்பினார்.

வெளியே வந்தால் பக்கத்து நடையில் நீளமாக ஒரு வரிசை. இருபது பேருக்கு மேல். எங்கள் ஆட்களுக்குக் கோயிலில் வரிசையைக் கண்டால் கால் சும்மா நிற்காது. திருநாளில் வரிசை என்றால் மாதாவின் சுரூபத்தைத் தொட்டு முத்தி செய்யத்தான் இருக்கும். நானும் அப்படி நினைத்துக் கடைசியில் போய் நின்றேன். ஒருவரும் கதைக்கவில்லை. எனக்குப் பின்னால் ஒரு மனுசி வந்து நின்றா.

எனக்கு முன்னால் நாலு பேர் இருக்கும்போதுதான் கண்டேன். முன்னால் சுரூபம் இல்லை. மரக் கூடு. அதற்குள் ஊதாப் பட்டி போட்ட வயதான சுவாமி. கூட்டின் பக்கவாட்டில், எல்லோரும் பார்க்க, ஒருவர் முழங்காலில் நிற்கிறார். எங்கள் கோயிலில் பாவசங்கீர்த்தனத்துக்குக் கதவு பூட்டுகிற அறை உண்டு. இங்கே கதவும் இல்லை, திரையும் இல்லை.

விலகிப் போயிருக்கலாம். போகத்தான் காலைத் தூக்கினேன். பிறகு ஒரு யோசனை வந்தது. இந்தக் கோயிலில், ஏன் இந்த நகரத்திலேயே, தமிழ் தெரிந்தவர் ஒரே ஒரு ஆள். அவர் உள்ளே கதிரையில் இருக்கிறார். வேறு எங்கே போய் நான் இதை வாயால் சொல்லப் போகிறேன்?

என் முறை வந்தது. முழங்காலில் நின்றேன். சுவாமி போலந்து மொழியில் ஏதோ சொன்னார். "டென்மார்க்," என்றேன். "சிறிலங்கா. தமிழ்." அவர் என்னை ஒரு கணம் பார்த்தார். பிறகு, பரவாயில்லை, சொல்லு என்பதுபோல் கையால் தன் பக்கம் அழைத்தார்.

"சுவாமி, என்னை ஆசீர்வதியும், நான் பாவி" என்று தொடங்கினேன். அவர் கையைக் குவித்துக் காதில் வைத்தார். மனுசனுக்குக் காது மந்தம். நான் குரலை உயர்த்தினேன். அவர் இன்னும் கிட்ட வந்தார், நான் இன்னும் உயர்த்தினேன். சொல்லத் தொடங்கிய பிறகு என்னால் நிற்பாட்ட முடியவில்லை. என் மகளைப் பற்றிய எண்ணம், முதுகில் தட்டிய தட்டு, ஜெர்மனிப் போன், அந்த இழுவை, சனி ஞாயிறு. "சவிரியண்ணையின்ரை ஜெறோமின்ரை பேரை நான்தான் கெடுத்தனான் சுவாமி. அவர் என்னைக் கூடப்பிறந்தவன் மாதிரி வைச்சிருக்கிறார். இண்டைக்கும் தான் பட்டினி கிடந்து எனக்குப் பாண் வாங்கித் தந்தவர்." கடைசியில் அழுதுவிட்டேன்.

சுவாமி ஒரு சொல்லும் விளங்காமல் எல்லாவற்றையும் கேட்டார். பிறகு மெதுவாக ஏதோ சொன்னார், அது எனக்கு இட்ட பரிகாரமாக இருக்க வேண்டும். கையை உயர்த்திச் சிலுவை வரைந்தார். அது மட்டும் எந்த மொழியிலும் விளங்கும். மரக் கூட்டில் இரண்டு தட்டுத் தட்டினார், போய் வா என்று.

எழும்பித் திரும்பினேன்.

எனக்குப் பின்னால் நின்றது அந்த மனுசி இல்லை. சவிரியண்ணை. தாலியைப் பதிந்து கொடுத்துவிட்டு வந்து, தொப்பியை இரண்டு கையாலும் நெஞ்சில் பிடித்துக்கொண்டு நின்றார். நாங்கள் சேர்ந்து வந்தவர்கள் என்று கண்டு அந்த மனுசிதான் இடம் விட்டிருக்கிறா. எவ்வளவு நேரமாக நின்றார் என்று நான் கேட்கத் தேவை இருக்கவில்லை. அவருடைய முகத்தில் இரத்தம் இல்லை. பக்கத்துத் தூணடிக்கு விலகி நின்றேன்.

அவர் என்னைப் பார்க்கவில்லை. என்னைக் கடந்து போய், நான் நின்ற அதே இடத்தில் முழங்காலில் நின்றார். சுவாமி காதில் கை வைத்தார். சவிரியண்ணையின் குரல் தூணடிக்கு வந்தது.

"சுவாமி, எனக்கு முன்னாலை நிண்டவன் சொன்னது என்ரை காதிலை விழுந்திட்டுது. விலகிப் போயிருக்கலாம், போகேல்லை. அது என்ரை பாவம். அவனை மன்னிக்க வேணுமெண்டு எனக்குத் தெரியும். இண்டைக்கு ஏலாது சுவாமி. மனசிலை வராததை வாயாலை சொல்லிப் பாவப்பொறுத்தல் வாங்க மாட்டன்."

சுவாமி என்ன நினைத்தாரோ, கையை உயர்த்தினார். அந்தச் சிலுவை பாதி வரைய முதல் சவிரியண்ணை எழும்பிவிட்டார். சுவாமியின் கை அப்படியே அந்தரத்தில் நின்றது.

பிளேனுக்கு இன்னும் ஐந்து மணித்தியாலம் இருந்தது. சொந்த ஊரில் என்றால் ஆளுக்கொரு பக்கம் வீட்டுக்குப் போயிருப்போம். அந்நிய ஊரில், அவருக்கு வழி எழுதிய கடதாசி என்னிடம், எனக்கு ரிக்கெற் அவரிடம். அவர் முன்னால் நடந்தார், நான் பத்தடி பின்னால். குன்றில் இருக்கிற அரண்மனைக்கு ஏறினோம். கீழே ஆறு வளைந்து போகிறது. அரசர்களைப் புதைத்த கோயில் என்று சனம் படம் எடுக்கிறது. என்னைக் கேட்டால், அந்த அரண்மனை என்ன நிறம் என்றுகூட எனக்குச் சொல்லத் தெரியாது. அவருடைய முதுகை மட்டும்தான் பார்த்துக்கொண்டு போனேன்.

பிறகு பசி வந்தது. அங்கே பால்கடை என்று சொல்கிற சாப்பாட்டுக் கடைகள் உண்டு. பெயர்தான் பால்கடை, எல்லாம் விற்கிறார்கள். வேலைக்காரரும் படிக்கிற பிள்ளைகளும் பென்ஷன்காரரும் தட்டை ஏந்திக்கொண்டு வரிசையில் நிற்கிறார்கள். சமைக்கிறவ சின்ன யன்னலால் கோப்பையைத் தள்ளிவிடுகிறா, சிரிப்பே இல்லை. சவிரியண்ணை தனக்கு அவித்த கொழுக்கட்டை எடுத்தார். உள்ளே உருளைக்கிழங்கும் பாற்கட்டியும், மேலே பொரித்த வெங்காயம். எங்கள் கொழுக்கட்டையை யாரோ இனிப்பில்லாமல் ஆக்கி இவர்களிடம் கொடுத்துவிட்டதுபோல் இருந்தது. எனக்கு எதைக் கேட்பது என்று தெரியவில்லை. பக்கத்தில் நின்றவர் எடுத்த வெள்ளைச் சூப்பைக் காட்டிவிட்டேன்.

இடம் இல்லாததால் ஒரே மேசையில் எதிரும் புதிருமாக இருக்க வேண்டி வந்தது. சூப் புளித்த மணத்தோடு, கூழைப் போல் தடிப்பாக இருந்தது. ஒரு கரண்டி அள்ளி வாய்க்குக் கொண்டுபோனேன்.

"பிலிப்பு."

கோயிலுக்குப் பிறகு அவர் வாயால் வந்த முதல் சொல். கரண்டியில் இருந்த சூப் மேசையில் சிந்தியது.

"அதுக்குள்ளை இறைச்சி கிடக்கு. இண்டைக்கு வெள்ளி."

பார்த்தால், அடியில் சொசேஜ் துண்டுகள் தாண்டுபோய்க் கிடந்தன. அவர் சூப்பைத் தன் பக்கம் இழுத்து ஓரத்தில் வைத்தார். தன் தட்டில் இருந்த கொழுக்கட்டையில் பாதியை என் பக்கம் தள்ளினார். அதற்குப் பிறகும் என் முகத்தைப் பார்க்கவில்லை. அன்றைக்குப் பட்ட அதிர்ச்சிகளிலே என்னை மிகவும் பாதித்தது எது என்று கேட்டால், இதுதான். ஏசியிருந்தால் தாங்கியிருப்பேன்.

விமான நிலையத்தில் கதிரையில் இருக்கும்போது நானாகச் சொன்னேன், நாளைக்கே ஜெர்மனிக்குப் போன் எடுத்து உள்ளதைச் சொல்கிறேன் என்று. அவர் கண்ணாடியூடாக பிளேன்களைப் பார்த்துக்கொண்டே பதில் சொன்னார்.

"அந்தப் பிள்ளை கலியாணம் கட்டிப் பிள்ளையும் பெத்திட்டுது. ஆருக்கு என்னத்தைச் சொல்லப் போறாய்?" பிறகு, "ஞாயிற்றுக்கிழமை நீ நன்மை எடு. உனக்குப் பொறுத்தல் கிடைச்சிட்டுது. உன்னை மன்னிக்காமல் நான் எடுக்கமாட்டன்" என்றார்.

பாவம் செய்தவன் நான். தண்டனை அவருக்கு மாறியிருந்தது.

வீட்டுக்கு வந்து மனுசியிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவ என்னோடு இரண்டு நாள் கதைக்கவில்லை. ஞாயிறு பூசையில் நன்மை நேரம் எல்லோரும் எழும்பிப் போனார்கள். சவிரியண்ணை வழக்கமான இடத்தில் இருந்தார். நான் எழும்பலாம், எனக்கு உரிமை உண்டு. எழும்பவில்லை. வெறும் வாங்கில் நாங்கள் இரண்டு பேரும், நடுவில் மூன்று பேர் இருக்கக்கூடிய இடைவெளியோடு, அந்தப் பாட்டு முடியுமட்டும் இருந்தோம்.

அந்தப் போலந்துச் சுவாமி எனக்கு என்ன பரிகாரம் இட்டார் என்று இன்றைக்கும் தெரியாது. அதனால் நானே சிலதைச் செய்தேன். ஜெர்மனிக்குப் போன் எடுத்தேன். அந்தத் தாய், "இதை நான் இன்னும் ரண்டு பேருக்குச் சொல்லியிருக்கிறன் அண்ணை" என்றா. மற்ற இரண்டு பேச்சும் ஏன் நின்றன என்று அப்போதுதான் எனக்கு விளங்கியது. அடுத்த சனிக்கிழமை ரயில் ஏறி ஓல்போர்க்குக்குப் போனேன். ஜெறோம் வெள்ளை உடுப்போடு கீழே வந்து, ஆஸ்பத்திரிச் சாப்பாட்டுச் சாலையில் என்னோடு இருந்து கேட்டான். பிறகு டேனிஷில் சொன்னான், இதை மன்னிப்பது அப்பாவின் வேலை இல்லை, தன்னுடைய வேலை, அதற்குத் தனக்குக் கொஞ்சக் காலம் வேண்டும் என்று. மேலே இருந்து அவனுக்கு அழைப்பு வந்தது. போகும்போது மட்டும் தமிழில், "மாமா, சுகர் இருக்கெல்லோ, சாப்பிட்டிட்டுப் போங்கோ" என்றான். நான் அந்த மேசையிலேயே தலையைக் கவிழ்த்துக்கொண்டு இருந்தேன்.

பிறகுதான் இதை எழுதினேன். எங்கள் கோயில் மலரில் போட வேண்டும் என்று. போனில் இரகசியமாகச் சொன்னது வீடு வீடாகப் போனது. திருத்துவதை இரகசியமாகத் திருத்த முடியாது. பெயர்களை எல்லாம் மாற்றி எழுதி, சவிரியண்ணையின் வீட்டுத் தபால்பெட்டியில் போட்டேன். அவர் சம்மதிக்காவிட்டால் கிழித்துவிடுவேன் என்று மேலே ஒரு துண்டும் வைத்தேன்.

நாலாம் நாள் தொழிற்சாலையில் இடைவேளையின்போது போறணைப் பக்கம் இருந்து அவர் வந்தார். கையெல்லாம் மா. தாள்களை என் மேசையில் வைத்தார். மகனின் பெயர் வந்த ஒவ்வொரு இடத்திலும், நான் இட்ட பொய்ப்பெயரைப் பேனாவால் வெட்டியிருந்தார்.

"பேரை மாத்தினால் என்ன பிரயோசனம்?" என்றார். "கெட்டது அவன்ரை பேர்தானே. உள்ள பேரைப் போடு."

போட்டிருக்கிறேன். அவன் பெயர் சவிரிமுத்து ஜெறோம். ஓல்போர்க் ஆஸ்பத்திரியில் தாதி. சனி ஞாயிறில் அவன் எங்கே நிற்கிறான் என்று இனி யாராவது உங்களை விசாரித்தால், இழுக்காமல் சொல்லுங்கோ. வார்ட்டில் நிற்கிறான்.